மைலேஜ் வேறு, புகை வேறு

ஞாயிற்றுக்கிழமை தருமபுரிக் கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். "டீசல் கார் லிட்டருக்கு அதிக தூரம் ஓடுகிறது, ஆகவே அதுதான் சுத்தமான வண்டி" என்று மேடையில் சொன்னார்கள், கைதட்டலும் வாங்கினார்கள். எழுந்து மறுத்த என்னிடம், "மேடம், உங்களுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்றார்கள். நான் வேதியியல் ஆசிரியை. எரிபொருள் எரிந்தால் என்ன வரும் என்பது எனக்குத் தெரியும்.

மைலேஜ் வேறு, புகை வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. ஒரு லிட்டர் டீசலுக்கு அது 2.7 கிலோவை நெருங்குகிறது. டீசல் அடர்த்தியானது; ஒரே லிட்டரில் கார்பனும் கூடுதல், ஆற்றலும் கூடுதல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரையும் 18 தரும் டீசல் காரையும் வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள். இரண்டுமே கிலோமீட்டருக்குச் சுமார் 150 கிராம்தான். அந்த மூன்று கிலோமீட்டர் உங்கள் பணப்பைக்கு லாபம், காற்றுக்கு ஒன்றுமில்லை. பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் 22 தருகிறது என்றால் 105 கிராம்.

இது கரியமில வாயு மட்டும். நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்ணிய கரித்துகள்களும் தனிக் கணக்கு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இலேயே வகைப்படுத்திவிட்டது.

"பிஎஸ்6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டதே" என்பீர்கள். 2020 ஏப்ரலில் வந்தது, உண்மை. புது டீசல் காரின் கரி வடிகட்டி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதில் சேரும் கரி எரிந்து தீர, வண்டி நெடுஞ்சாலையில் சிறிது நேரம் சீராக ஓட வேண்டும். என் சித்தப்பாவின் கார் வீட்டுக்கும் நான்கு ரோட்டுக்கும் இடையிலேயே ஓடியது. எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிந்தது. ஒரு பட்டறையில், "வடிகட்டியைக் கழற்றிவிடலாம், தொல்லை விட்டது" என்றார்கள். சித்தப்பா மறுத்துவிட்டார். கழற்றியிருந்தால் மைலேஜ் ஒரு சொட்டும் குறைந்திருக்காது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: மைலேஜ் வேறு, புகை வேறு!

ஹைபிரிட் விலை அதிகம். ஆம், அதிகம். பேட்டரி செய்வதிலும் மாசு உண்டு, ஆனால் அது மின்சாரக் காரின் பேட்டரியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. நெடுஞ்சாலையில் ஹைபிரிட்டின் லாபம் குறையும் என்பது மட்டும் நியாயமான எதிர்வாதம். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாகச் சேமிப்பதுதான் அதன் பலம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஒரே வேகத்தில் போகிறவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது கிடைக்கும், ஆனால் சிறிய பேட்டரி சீக்கிரம் நிரம்பிவிடும். நின்று நின்று நகரும் பஸ் நிலையச் சாலையில்தான் ஹைபிரிட்டின் முழுப் பயனும் தெரியும். 'மைல்ட் ஹைபிரிட்' என்று ஒட்டி விற்பதை இதில் சேர்க்காதீர்கள். அதன் சிறிய மோட்டாரால் தனியாக வண்டியை ஓட்ட முடியாது.

என்னை மிகவும் வலிக்கச் செய்தது "விவசாயிக்கு எதிராகப் பேசுகிறார்" என்ற பேச்சு. எங்கள் தக்காளியும் பாலக்கோடு சந்தைக்கு டீசல் வண்டியில்தான் போகிறது. சுமை இழுக்க டீசல் வேண்டும், அதை நான் மறுக்கவே இல்லை. ஒற்றை ஆளாகக் கடைவீதிக்குப் போகும் காரைப் பற்றித்தான் கேட்டேன். நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டில் மூச்சிரைப்போடு இருக்கும் என் அம்மாவுக்காகக் கேட்டேன். அவர் கார் வாங்கப் போவதில்லை. புகையை மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

நம் புகைச் சோதனை நிலையத்தில் டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியை மட்டும் அளந்து சான்றிதழ் தருகிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அங்கே அளப்பதே இல்லை. சுத்தத்தைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறவர்கள், அதையும் அளக்கச் சொல்லி முதலில் மனுக் கொடுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.