பதினோரு ஆட்டங்களில் ஒரு விங்கர் உருவாக முடியாது

கேரளத்தின் மீனாட்சிபுரத்தை அடுத்த எங்கள் ஊரில், அறுவடை முடிந்த வயலில் பெண் பிள்ளைகள் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடி முடித்த மாலையில், இந்தியக் கால்பந்து அணியின் விங்கர் மணீஷா கல்யாணைப் போல வெளிநாட்டு கிளப்பில் ஆட வேண்டும் என்று என் மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட பெரியவர் ஒருவர், "அங்க போய் பெஞ்சுல உக்கார்றதுக்கு இங்கயே ராணி மாதிரி ஆடலாமே கண்ணு" என்றார். அவர் அன்பினால் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் அந்தக் கருத்து தவறு.

விங்கர் என்பவள் மைதானத்தின் பக்கவாட்டுக் கோட்டின் ஓரமாக நின்று பந்துக்காகக் காத்திருப்பவள். ஓர் ஆட்டத்தில் எதிரணியின் பேக்கை, அதாவது தற்காப்பு ஆட்டக்காரரை, தனியாக எதிர்கொள்ளும் வாய்ப்பு அவளுக்குச் சில முறைதான் கிடைக்கும். கோல் பக்கமாக உள்ளே வெட்டித் திரும்புவதா, கோட்டோரமாக ஓடி கோல் முன்னால் பந்தை அனுப்பும் கிராஸ் போடுவதா என்பதை அந்த நொடியில் தீர்மானிக்க வேண்டும். வேகம் பிறவியிலேயே அமையலாம். அந்தத் தீர்மானம் தன்னைவிட வலுவான பேக்குகளிடம் பலமுறை பந்தை இழந்த பிறகே கைகூடும். அதற்கு ஆட்டங்கள் வேண்டும்.

உள்ளூரில் மணீஷாவுக்கு எத்தனை ஆட்டங்கள் கிடைத்தன? 2022 இந்தியப் பெண்கள் லீக்கில் 12 அணிகளும் புவனேசுவரத்தில் கூடி, ஏப்ரல் நடுவில் தொடங்கி மே இறுதிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டன. ஓர் அணிக்கு 11 ஆட்டங்கள். மணீஷா ஆடிய கோகுலம் கேரளா கிளப், கடைசி ஆட்டத்தில் மதுரையின் சேது அணியை 3-1 என வென்று பட்டத்தைத் தக்கவைத்தது. (கேரளத்தில் வாழும் தமிழர்களான எங்கள் வீட்டில் அன்று யாருக்காகக் கைதட்டுவது என்றே தெரியவில்லை.) இத்தனைக்கும் அதற்கு ஆறு மாதம் முன்பு, 2021 நவம்பர் 25 அன்று, பிரேசிலின் மனாஸ் நகரில் அந்நாட்டு அணிக்கு எதிராக 8-வது நிமிடத்தில் கோல் அடித்தவர் அவர். இந்தியா 6-1 எனத் தோற்றது உண்மைதான். ஆனால் இருபது வயது நிறைய இரண்டு நாள் இருந்த ஒரு பெண் அந்த அணிக்கு எதிராக ஆட்டத்தைச் சமன் செய்ததை நான் சிறிய செய்தியாகக் கருத மாட்டேன். அப்படிப்பட்டவருக்கு ஆண்டில் 11 லீக் ஆட்டங்கள் போதுமா?

2022 ஆகஸ்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. 16-ஆம் தேதி உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது; அதனால் இந்திய கிளப்புகள் வெளிநாட்டுப் போட்டிகளில் ஆட முடியாமல் போனது. ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானுக்குப் போயிருந்த கோகுலம் பெண்கள் தாஷ்கண்டில் செய்வதறியாது தவித்து, ஓர் ஆட்டமும் ஆடாமல் திரும்பினார்கள். இரண்டே நாள் கழித்து, 18-ஆம் தேதி, சைப்ரஸ் நாட்டின் அப்போலோன் அணிக்கு மாறியிருந்த மணீஷா, அந்த அணிக்காக 60-வது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கினார். ஐரோப்பியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் அவர். லாட்வியாவின் ரீகா அணியை அப்போலோன் 3-0 என வென்றது. பெரியவர் சொன்ன அந்த பெஞ்சிலிருந்துதான் அவர் எழுந்து போனார். உள்ளூரிலேயே இருந்திருந்தால், செய்யாத குற்றத்துக்காக அவரும் தாஷ்கண்டில் காத்திருந்திருப்பார்.

பின்னர் 2024-இல் அவர் கிரேக்கத்தின் பாவோக் அணிக்குப் போனார். இதற்கிடையே இங்கே, 2023-இல், சம்மேளனம் விதித்த அபராதத்தைக் காரணம் காட்டி கேரளா பிளாஸ்டர்ஸ் கிளப் தன் பெண்கள் அணியை நிறுத்திவைத்தது. ஆண்கள் அணி ஆட்டத்தின் நடுவே வெளியேறியதற்கான விலையைப் பெண்கள் கொடுத்தது இன்றும் எனக்கு ஆறாத வருத்தம்.

இந்தியப் பெண்கள் லீக் பின்னர் சற்று மேம்பட்டது. 2024-25 பருவத்தில் 8 அணிகள் சொந்த மண்ணிலும் எதிரணி மண்ணிலுமாகத் தலா 14 ஆட்டங்கள் ஆடின. அது 25-ஆக வேண்டும், மாவட்ட அளவிலும் பெண்களுக்கு நீண்ட லீக் வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதுவரை என் மகள் வெளிநாட்டைப் பற்றிப் பேசட்டும். அடுத்த ஞாயிறு பெரியவரிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லப் போகிறேன்.