‘கொ’வுக்கு யார் காசு கொடுப்பது?

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் கோவில் நோட்டீஸின் மாதிரி வாட்ஸ்அப்பில் வந்தது. ‘கொடியேற்றம்’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. ‘தை’யிலும் அதே கதை. இங்கே மொரிஷியஸில், ரோஸ்ஹில்லில் அதை வடிவமைத்த தம்பிக்கு வீட்டில் கிரியோல்தான், தமிழ் எழுத்து அவருக்கு வெறும் படம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருடைய பழைய மென்பொருளுக்கே தமிழை அடுக்கத் தெரியவில்லை. அதே வரியை நான் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் ஒட்டினேன், ஒழுங்காக வந்தது.

கணினிக்குள் ‘கொ’ என்பது முதலில் க, அப்புறம் ஓர் ஒகரக் குறி, அவ்வளவுதான். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது தனி வேலை. அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல், அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்பாக்ஸ், லிப்ரேஆபிஸ் எல்லாவற்றுக்குள்ளும் அதுதான் இருக்கிறது.

நம் ஊரில் தமிழுக்கு அரசு காசு செலவழிக்காமல் இல்லை. அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியர்களுக்குச் சம்பளம் போகிறது, கோவில்களுக்கு மானியம் வருகிறது. ரூபாய் நோட்டிலும் தமிழ் இருக்கிறது. 1998-ல் நோட்டில் தமிழின் வரிசையை மாற்றியபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். காகிதத்தில் தமிழ் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அவ்வளவு கோபப்பட்ட நாம், திரையில் அது எப்படி நிற்கிறது என்று கேட்டதே இல்லை.

திரையில் தமிழைக் காட்டும் இந்த இலவச நிரல்களைப் பராமரிப்பவர்களுக்கும் அரசு காசு கொடுக்க வேண்டும் என்றேன். “இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குப் பணம்?” என்று என் மைத்துனர் கேட்டார். 2024 மார்ச்சில் நடந்ததைச் சொன்னேன். எக்ஸ்இஸட் (xz) என்ற, கோப்புகளைச் சுருக்கும் திறமூலக் கருவியைப் பல வருடம் சம்பளமில்லாமல் பராமரித்தவர் களைத்துப்போயிருந்தார். உதவிக்கு வந்தவர்போல ஒருவர் நுழைந்து, மெல்ல நம்பிக்கை சம்பாதித்து, அதற்குள் பின்கதவு, அதாவது கணினிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழி, வைத்துவிட்டார். சர்வரில் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் நோண்டிப் பார்த்ததால் உலகம் தப்பித்தது. அரை நொடி!

ஹார்ஃப்பஸுக்கு அந்த நிலை வராததற்குக் காரணம், அதை எழுதியவருக்குக் கூகுள் மாதிரி நிறுவனங்கள் சம்பளம் கொடுத்ததுதான். நல்ல விஷயம். ஆனால் நாளைக்கு அவர்களுக்கு வேறு அக்கறை வந்தால்? ஜெர்மனி இதற்கென்றே 2022-ல் சாவரின் டெக் ஃபண்ட் என்ற அரசு நிதியைத் தொடங்கி, லினக்ஸ் கணினிகளின் திரைமுகப்பை உருவாக்கும் க்னோம் திட்டத்துக்கு மட்டும் 10 லட்சம் யூரோ கொடுத்தது. நமக்கு அந்த அளவெல்லாம் வேண்டாம். தமிழ் எழுத்துரு ஒன்றைப் பராமரிக்கும் ஒருவருக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தால்கூடப் போதும். தயவுசெய்து புதிதாக ஒரு ‘ஆப்’ மட்டும் வேண்டாம். அமைச்சர் ரிப்பன் வெட்டுவார், அடுத்த வருடம் அது திறக்காது. இருப்பதைப் பழுது பார்ப்பவருக்குக் கொடுங்கள்.

பட்ஜெட்டுக்கு முன் கருத்துக் கேட்பார்கள். இதையே ஒரு பக்கக் கடிதமாக எழுதி அனுப்பப் போகிறேன். கூடக் கையெழுத்துப் போடும் சங்கம் ஏதாவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள்.