ரிங்கு சிங் ஈட்டி எறிந்தவர்
கிரிக்கெட் பந்துவீச்சுதான் இந்தியாவிலிருந்து அமெரிக்கா போய் பேஸ்பால் ஆடிய ரிங்கு சிங்கை அந்த ஆட்டத்துக்குக் கொண்டுபோனது என்று அவரைப் பற்றிய ஒரு கட்டுரையில் இருப்பது சரியில்லை. அவர் (ஐபிஎல் ரிங்கு சிங் வேறு ஆள்) உத்தரப் பிரதேசத்தின் பதோஹி பக்கம், லாரி ஓட்டுநரின் மகன், ஈட்டி எறிந்தவர். நானும் கல்லூரியில் ஈட்டி எறிந்திருக்கிறேன். கை காதுக்குப் பின்னால் போய், முழங்கை முதலில் முன்னே வந்து, மணிக்கட்டு கடைசியில் சொடுக்கும். பேஸ்பாலில் பந்து எறியும் பிட்சருக்கும் கிட்டத்தட்ட அதேதான். கிரிக்கெட்டில் முழங்கையை அப்படி மடக்கி நீட்டினால் நோ-பால்! இந்தியாவில் பேஸ்பாலுக்காக வேகமாகப் பந்து எறிபவரைத் தேடிய 2008 ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ போட்டியில் ஜெயித்து, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியில் ஒப்பந்தமாகி, 2009லேயே மைனர் லீக்கில் (முதன்மை லீக்குக்குக் கீழ்நிலை) ஆடிவிட்டார். அப்புறம் அந்த முழங்கையே காயப்பட்டு அறுவை சிகிச்சை வரை போனதுதான் இன்னும் மனசை அறுக்கிறது.