5 காசு யாருக்குப் போகிறது?

சிங்கப்பூர்ப் பேரங்காடிகள் பிளாஸ்டிக் பைக்கு 5 காசு வாங்குவதை உங்கள் இதழின் கட்டுரையில் 'பை வரி' என்கிறீர்கள். வரியென்றால் அரசாங்கத்துக்குப் போகணுமே? 2023 ஜூலை 3 முதல் வாங்கும் இந்தக் காசு பேரங்காடியிடமே தங்குகிறது. எத்தனை பை கொடுத்தார்கள், பணத்தை என்ன செய்தார்கள் என்று வெளியிட்டால் போதும். இந்தக் கட்டண விதியும் ஆண்டுக்கு 10 கோடி வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் விற்றுமுதல் உள்ள பேரங்காடி நிறுவனங்களுக்குத்தான். லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையில் இரண்டு முருங்கைக்காய் வாங்கினாலும் எனக்குச் சும்மாவே பை தருகிறார்கள்!

எங்கள் வீட்டில் மீன் கழிவை அந்தப் பையில் இறுகக் கட்டித்தான் குப்பைக் குழாயில் போடுகிறோம். இல்லாவிட்டால் கரப்பான் படையெடுக்கும். இப்போது அம்மா ரொட்டிப் பையைக்கூடக் கழுவிக் காயப்போடுகிறார். ஆக, கட்டணம் வேலை செய்கிறது, மறுக்கவில்லை. பேரங்காடிக்காரர்களே, கணக்கை மட்டும் கல்லாப்பெட்டி பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.