வட கரோலினாவின் முன்கூட்டிய வாக்களிப்பு: ஒரு திருத்தம்

"அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் முன்கூட்டிய வாக்களிப்பின் நாட்களையும் மையங்களையும் ஆளுங்கட்சி மூடிய அறையில் தன் விருப்பப்படி முடிவு செய்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியல்ல.

தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களிக்கும் இந்த நாட்களை மாநிலச் சட்டமே வரையறுக்கிறது. தேர்தலுக்கு முந்தைய மூன்றாவது வியாழனில் தொடங்கி, கடைசிச் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு முடியும். 17 நாட்களை 10 ஆகக் குறைத்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் ரத்து செய்தது. வார நாட்களில் மையங்கள் காலை 8 முதல் மாலை 7.30 வரை இயங்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

எந்த நூலகம், எந்தச் சமுதாயக்கூடம், ஞாயிறு உண்டா இல்லையா என்பவையே கவுன்ட்டி (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகப் பிரிவு) தேர்தல் வாரியத்தின் கையில் இருப்பவை. ஐந்து உறுப்பினர் கொண்ட அந்த வாரியம் பொதுமக்கள் வந்து பார்க்கக்கூடிய கூட்டத்தில்தான் வாக்கெடுக்கிறது. ஐவரும் ஒருமித்தால்தான் திட்டம் அங்கேயே முடிவாகும். ஒருவர் மறுத்தாலும் விவகாரம் மாநிலத் தேர்தல் வாரியத்துக்குப் போகலாம். ஆகவே ஒரேயொரு உறுப்பினரின் மனத்தை மாற்றுகிற கடிதத்துக்கும் அங்கே எடை உண்டு.

அவருடைய கவலையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாரிய நியமன அதிகாரம் 2025இல் ஆளுநரிடமிருந்து மாநிலத் தணிக்கையாளருக்கு மாறியது. கட்சிப் பெரும்பான்மையும் அதோடு மாறியது. மாநில வாரியத்துக்குப் போகும் தகராறுகளில் அந்தப் பெரும்பான்மைதான் தீர்ப்பு சொல்லும். அதனாலேயே கவுன்ட்டி கூட்டத்தில் மக்கள் குரல் கொடுப்பது முக்கியம்; "மக்களுக்கு இதில் இடமில்லை" என்ற பேச்சு எனக்குக் கோபமூட்டுகிறது. அதை நம்புகிறவர்கள் கூட்டத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். பல்கலைக்கழக வளாக மையமோ ஞாயிறு நேரமோ வேண்டுமென்றால், திட்டம் வாக்கெடுப்புக்கு வரும் முன்பே கவுன்ட்டி வாரியத்திடம் சொல்லியாக வேண்டும்.