ஒரே ஒரு நாய் போதும்

"செட்டு முழுசா வாங்காம இப்படி உதிரி உதிரியா வாங்கி என்ன பண்ணப் போறீங்க?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பழைய பிரிட்டிஷ் சிகரெட் அட்டைகளில் வயர் ஃபாக்ஸ் டெரியர் என்ற நாய் இனத்தின் படம் உள்ளவற்றை மட்டும்தான் சேர்க்கிறேன். அவர் கண்ணுக்கு இது கிறுக்குத்தனம். (சிகரெட் பழக்கம் எனக்குக் கிடையாது, அதையும் கேட்டுவிட்டார்.)

பாக்கெட் நசுங்காமல் இருக்க வைத்த வெற்று அட்டையில் படம் அச்சடித்து, அதற்காகவே வாங்க வைத்தார்கள் கம்பெனிக்காரர்கள். 1931-ல் ஜான் பிளேயர் கம்பெனி, ஓவியர் ஆர்தர் வார்டில் (Arthur Wardle) வரைந்த 50 நாய்களை வெளியிட்டது. 1938-ல் கல்லஹர் 48 போட்டது. 1939-ல் சீனியர் சர்வீஸ் போட்டோவாகவே போட்டது. ஐம்பதையும் வரிசையாகப் பார்த்தால் பத்தாவது நாயிலேயே கண் சலித்துவிடும். ஒரே இனத்தை மூன்று கம்பெனிகள் எப்படிக் காட்டின என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதுதான் சுவாரசியம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான அட்டைதான். அதற்குள் அந்த முரட்டு முடி, மடிந்த காது, தாடி வைத்த நீள மூஞ்சி எல்லாவற்றையும் வார்டில் கொண்டுவந்துவிடுகிறார். போட்டோவில் இருப்பது கண்காட்சிக்குச் சீவி நிறுத்திய நாய். என் ஓட்டு வார்டிலுக்குத்தான்.

இந்த இனத்துக்கு அப்போது இருந்த மவுசே தனி. ஏழாம் எட்வர்ட் மன்னரின் சீசர் இதே இனம்தான். 1910-ல் மன்னரின் இறுதி ஊர்வலத்தில், வந்திருந்த அரசர்களுக்கெல்லாம் முன்னால் நடந்துபோன நாய்.

வாங்கும்போது பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் வாங்கி ஏமாந்தேன். முன்பக்கம் பளிச்சென்று இருந்தது. திருப்பினால், ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுத்ததில் ஒட்டிக்கொண்டு வந்த கறுப்புக் காகிதம். நாயைப் பற்றி எழுதியிருந்ததில் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. எனக்கு அந்த நாலு வரியும் படத்துக்குச் சமம்.

எங்களைப் போன்றவர்களால்தான் முழு செட்டுகள் உடைகின்றன என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில், 1940-லேயே இந்த அட்டைகள் நின்றுபோயின. இருப்பது இருப்பதுதான். அதனால் ஏற்கெனவே குறைபட்ட செட்டிலிருந்து மட்டும்தான் வாங்குவேன்.

கேள்வி கேட்ட நண்பரிடம் பிளேயர் செட் முழுசாக இருக்கிறது, அதில் மூலை மழுங்காத வயர் ஃபாக்ஸ் டெரியர் அட்டை ஒன்று. கேட்க மாட்டேன். உங்களில் யாரிடமாவது உதிரியாக இருந்தால் இன்பாக்ஸ் வாருங்கள்.