பெயரைத் தட்டித் தேடுவதற்கு முன்

பெரிய ஆவணத் தொகுப்பு ஒன்று பொதுவெளிக்கு வந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் செய்வது ஒரே காரியம்தான். தேடல் பெட்டியைத் திறந்து ஒரு பிரபலத்தின் பெயரைத் தட்டுவார்கள். இருநூறு இடத்தில் வந்தால் "ஆள் மாட்டிக்கிட்டார்". ஓர் இடத்திலும் வரவில்லையென்றால் "மறைச்சுட்டாங்க". இந்த இரண்டு முடிவுகளையும் எடுக்க ஒரு பக்கத்தைக்கூடப் படிக்க வேண்டியதில்லை.

தேடல் கடைசி வேலை. யார், எதற்காக, எந்த வரம்புக்குள் இந்தக் காகிதங்களைச் சேர்த்தார்கள் என்று தெரியாமல் கிடைக்கும் எண்ணிக்கைக்குப் பொருளே கிடையாது.

மூன்று தொகுப்புகளைப் பார்ப்போம். 2016-ல் வெளிவந்த பனாமா பேப்பர்ஸில் இருந்தவை 1.15 கோடிக் கோப்புகள், 2.6 டெராபைட். அத்தனையும், வெளிநாடுகளில் பெயரளவு நிறுவனங்களை அமைத்துக்கொடுத்த மொசாக் ஃபொன்சேகா என்ற ஒரே சட்ட நிறுவனத்தின் உள் கோப்புகள். வேறு நிறுவனம் வழியாகப் பணத்தை நகர்த்தியவர் அதில் இருக்கமாட்டார். 2001-ல் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரானின் மின்மடல்கள் 2003-ல் அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தன் விசாரணையின் பகுதியாக வெளியிட்டவை. ஆய்வாளர்களிடம் புழங்கும் பிரதியில் சுமார் 150 பேரின் அஞ்சல் பெட்டிகள் மட்டுமே உண்டு, இணைப்புகள் இல்லை. "இணைப்பைப் பார்க்கவும்" என்று முடியும் மடலில் பார்க்க வேண்டியதே நம்மிடம் இல்லை என்று அர்த்தம். கென்னடி கொலைத் தொகுப்போ 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திரட்டப்பட்டது. ஐம்பது லட்சம் பக்கங்களுக்கு மேல். "தொடர்புடையது" என்ற சொல்லை அங்கே தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். அதனால் கியூபாவிலும் மெக்சிகோவிலும் சிஐஏ செய்த, கொலையோடு நேரடித் தொடர்பே இல்லாத வேலைகளின் காகிதங்களும் ஏராளமாக உள்ளே இருக்கின்றன. அதில் ஒருவரின் பெயர் வந்துவிட்டது என்பதால் கொலையைப் பற்றி எதுவும் தெரிந்துவிடாது.

சரி, வேலைக்கு வருவோம். இறக்கியவுடன் மூலப்பிரதியை ஓரிடத்தில் வைத்து, எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். ஆய்வெல்லாம் நகலில். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரியான குறியீடு, உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் இதுவும் மாறிவிடும்) எடுத்து, கோப்பின் பெயர், அளவு, வகை, பக்க எண்ணிக்கை, இறக்கிய நாள், வந்த முகவரி ஆகியவற்றோடு ஒரே அட்டவணையில் போடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் தொகுப்பின் உருவம் முதன்முதலில் தெரிவது இங்கேதான்: எந்த ஆண்டில் குவியல், எந்த ஆண்டில் பள்ளம், எது ஒரே பக்கம், எது மூவாயிரம் பக்கம். பக்கத்தின் அடியில் தொடர் எண் அச்சிட்டிருந்தால் அதையும் தனி நெடுவரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள். எண் எங்கே விட்டுப்போகிறதோ அங்கே காகிதம் விட்டுப்போயிருக்கலாம். அல்லது அந்தப் பகுதி வேறு தவணையில் வெளியாகியிருக்கலாம். இரண்டாவதை முதலில் சரிபாருங்கள்.

அடுத்தது எழுத்து. பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இதுதான். பிடிஎஃப் கோப்பு திரையில் தெளிவாகத் தெரிவதால் அதில் தேட முடியும் என்று நினைத்துவிடுகிறோம். ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். அதன் அடியில் ஓசிஆர் மென்பொருள் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுப்பது) வைத்த எழுத்தடுக்கு இருந்தால்தான் தேடல் வேலை செய்யும். அந்த அடுக்கும் பல நேரம் குப்பை. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் எழுத்தை உருவி எண்ணிப்பாருங்கள். ஐம்பது எழுத்துகூடத் தேறாத பக்கங்களைத் தனியே ஒதுக்கி டெசராக்ட் போன்ற ஓசிஆர் மென்பொருளில் மறுபடி ஓட்டுங்கள். 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறைந்த படங்களில் பிழை கூடும். கோணலாக வைத்த பக்கத்தை முதலில் நேராக்க வேண்டும். இரண்டு பத்தியாக அச்சான பக்கத்தில் மென்பொருள் இடது வரியையும் வலது வரியையும் ஒட்டிப் படித்துவிடும். ஓரத்தில் பேனாவால் எழுதிய குறிப்பு, கையெழுத்து, ரப்பர் முத்திரை எதுவும் ஒழுங்காகச் சிக்காது. அதிகாரி தன் மனதில் பட்டதை எழுதுவது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான்.

ஒழுங்காகத் தெரியும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சில ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போதே 6-ஐ 8 ஆக மாற்றிவிடுவதை 2013-ல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசெல் கண்டுபிடித்தார். காரணம் ஓசிஆர் அல்ல, படத்தைச் சுருக்கும் முறை. ஒரேமாதிரி தெரியும் இரண்டு சின்னத் துண்டுகளில் ஒன்றையே இரண்டு இடத்திலும் அது ஒட்டிவிட்டது. பக்கம் மங்கலாகக்கூட இல்லை. பளிச்சென்று தவறான எண். ஆகவே ஒரு தொகை முக்கியம் என்றால் அதே தொகை வேறோர் ஆவணத்திலும் வருகிறதா, கூட்டுத்தொகை பொருந்துகிறதா என்று பாருங்கள். விரிதாளிலும் கவனம் வேண்டும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணை வைத்துக்கொள்ளாது. 16 இலக்கக் கணக்கு எண்ணைச் சும்மா திறந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், முன்னால் நிற்கும் பூஜ்யமும் பறந்துவிடும். அந்த நெடுவரிசையை எழுத்தாக அறிவித்துத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

"இருநூறு இடத்தில் பெயர்" என்பதில் எத்தனை தனி இடம் என்பது அடுத்த கேள்வி. என்ரான் தொகுப்பில் சுமார் ஐந்து லட்சம் மடல்கள். நகல்களையும் பயனற்றவற்றையும் கழித்து ஆய்வாளர்கள் தயாரித்த பதிப்பொன்றில் எஞ்சியவை சுமார் இரண்டரை லட்சம்தான். ஒரே மடல் அனுப்பியவர் பெட்டியிலும் பெற்றவர் பெட்டியிலும் இருக்கும். பதில் மேல் பதிலாக வளர்ந்த சங்கிலியில் முதல் மடல் இருபது முறை திரும்பத் திரும்ப வரும். ஹாஷ் ஒப்பீடு அச்சுப்பிசகாத நகலை மட்டுமே பிடிக்கும். ஒரே கடிதத்தை இரண்டு முறை ஸ்கேன் செய்திருந்தால் ஹாஷ் வேறு. அதற்கு எழுத்தை ஐந்தைந்து சொல்லாக வெட்டி, எவ்வளவு பொதுவாக இருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். ஆனால் அந்த நகல்களை நீக்கிவிடாதீர்கள், ஒரு குழுவாகக் கட்டிவையுங்கள். ஒரு பிரதியில் மறைப்பதற்காகக் கறுப்படித்த வரி இன்னொரு பிரதியில் திறந்து கிடப்பதுண்டு.

கறுப்படிப்பு என்றதும் ஒரு விஷயம். 2019 ஜனவரியில், டிரம்ப்பின் 2016 தேர்தல் பிரசாரத்துக்குத் தலைமை வகித்த பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் கறுப்புப் பட்டைக்குக் கீழே எழுத்து அப்படியே இருந்தது. நகலெடுத்து ஒட்டினால் படிக்க முடிந்தது. இப்படிப்பட்ட கவனக்குறைவு இன்னும் நடக்கிறது. அதற்காகப் பட்டைக்கு அடியில் கிடைப்பதையெல்லாம் பரப்பலாம் என்றாகாது. பெரும்பாலான பட்டைகளுக்குப் பின்னால் இருப்பது சாட்சிகளின் பெயர், தொலைபேசி எண், மருத்துவ விவரம். 2025 மார்ச்சில் கென்னடி ஆவணங்களை வெளியிட்டபோது உயிரோடிருப்பவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்களே (அமெரிக்கர்களின் தனிநபர் அடையாள எண்) வெளியே வந்துவிட்டன. பட்டையின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் சட்டப் பிரிவைப் படியுங்கள். அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தில் பி1 என்றால் தேசப் பாதுகாப்பு, பி5 என்றால் துறைக்குள் நடந்த கலந்தாலோசனை, பி6 என்றால் தனிநபர் அந்தரங்கம். எந்தப் பிரிவு எந்த வகை ஆவணத்தில் குவிகிறது என்ற அட்டவணை, ஒரு பட்டைக்கு அடியில் என்ன என்ற ஊகத்தைவிடப் பயன்படும்.

தேதி, நேரம். 03/04 என்பது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்பதை அதே அலுவலகத்தின் மற்ற கடிதங்களில் 12-க்கு மேல் வரும் எண் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். மடல் நேரங்களை எல்லாம் ஒரே நேர மண்டலத்துக்கு மாற்றிய பிறகே காலவரிசை போடுங்கள். இல்லாவிட்டால் கேள்விக்கு முன்பே பதில் வந்திருக்கும், அதை வைத்தே ஒரு சதிக் கதை கிளம்பும்.

இதற்குப் பிறகு பெயர். ஒவ்வொரு வரவுக்கும் ஒரு வகை எழுதுங்கள்: அனுப்பியவரா, பெற்றவரா, நகல் போனவரா, மூன்றாம் மனிதர் பேச்சில் வந்தவரா, முகவரிப் புத்தகமா, கோப்புக்குள் ஒட்டிய செய்தித்தாள் நறுக்கா? கடைசி வகைதான் ஆபத்து. அரசுக் கோப்பில் இருக்கும் நறுக்கை "அரசே சொல்கிறது" என்று மேற்கோள் காட்டுவது வாரம் ஒருமுறை கண்ணில் படுகிறது. விசாரணைக்கு வந்த மொட்டைக் கடிதத்துக்கும் அதே கதிதான்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமே என்றால், கேட்கலாம். பொதுவான அமைப்பில் அது முழுத் தொகுப்பையும் படிப்பதில்லை. உங்கள் கேள்விக்கு நெருக்கமான இருபது, முப்பது துண்டுகளை எடுத்து அவற்றிலிருந்து பதில் சொல்கிறது. ஆகவே "எங்கே இருக்கிறது" என்பதற்கு உதவும். "மொத்தம் எத்தனை", "எங்குமே இல்லையா" என்பவற்றுக்கு அதன் பதிலை நம்பக்கூடாது. கோப்புப் பெயரும் பக்கமும் சொல்லுக்குச் சொல் மேற்கோளும் கேளுங்கள். அந்த மேற்கோள் பக்கத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று மூலத்தைத் திறந்து பாருங்கள்.

"இல்லை" என்று சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. தற்செயலாகப் பொறுக்கிய 300 பக்கங்களைக் கண்ணால் படித்து நீங்கள் தேடும் விஷயம் ஒன்றிலும் கிடைக்கவில்லை என்றால், மொத்தத்தில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். மூன்றை 300-ஆல் வகுத்தால் வரும் கணக்கு. பத்து லட்சம் பக்கத்தில் ஒரு சதவீதம் பத்தாயிரம் பக்கம். "இல்லவே இல்லை" என்று எழுதுவதற்கு அந்த மாதிரி போதாது.

பதிவு போடும்போது திரைப்பிடிப்பு மட்டும் போடாதீர்கள். கோப்பின் பெயர், பக்கம், தொடர் எண், இறக்கிய நாள், ஹாஷ் ஐந்தையும் கீழே கொடுங்கள். வெளியிட்ட துறைகள் கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றி ஏற்றுவது சகஜம். பெயர் அதே, உள்ளடக்கம் வேறு. யாராவது "அந்தப் பக்கத்தில் அப்படி இல்லையே" என்று வந்தால், இருவரும் பார்ப்பது ஒரே கோப்பா என்பதை ஹாஷைப் பொருத்திப் பார்த்துவிட்டு அதன் பிறகு சண்டையைத் தொடங்கலாம்.